காவலும் தலைக்கூத்தலும்: மூன்று தமிழ்த் திரைப்படங்களில் படுக்கை நோயாளியின் வாழ்வு

ஆய்வுச்சுருக்கம்

தலைக்கூத்தல் என்னும் வழக்கத்தைக் கதைப்பொருளாகக் கொண்ட ‘பாரம்’ (2018), ‘கே.டி. (எ) கருப்புதுரை’ (2019), ‘தலைக்கூத்தல்’ (2023) ஆகிய மூன்று திரைப்படங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இவை பொதுவாக ஒரு கொடிய மரபைக் கண்டிக்கும் படைப்புகளாகவே வாசிக்கப்பட்டு வருகின்றன. படுக்கையில் கிடக்கும் நோயாளியின் அன்றாட வாழ்வு, அவரைப் பேணும் உழைப்பு, அவர் சார்பில் முடிவெடுக்கும் உரிமை ஆகியவற்றைச் சொல்லும் பனுவல்களாக அவற்றை இக்கட்டுரை மறுவாசிப்புச் செய்கிறது. மருத்துவமனைக்கும் வீட்டிற்கும் இடையே இருக்கவேண்டிய செவிலியப் பராமரிப்பு இடம் இக்கதைகளில் இல்லை. நோயாளியின் ஒப்புதலும் இல்லை. இவ்விரு இன்மைகளே மூன்று கதைகளையும் நகர்த்துகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தலைக்கூத்தல், முதுமை, படுக்கை நோயாளி, செவிலியப் பராமரிப்பு, காவல் தெய்வம், ஒப்புதல், தமிழ்த் திரைப்படம்

முன்னுரை

தமிழ்ப் புனைவுலகம் முதியவருக்கு இரண்டு இடங்களை வகுத்து வைத்திருக்கிறது. ஒன்று வீடு, அது மக்களின் நன்றியுணர்வைக் காட்டும் இடம். மற்றொன்று முதியோர் இல்லம். அது நன்றி மறந்தமையின் அடையாளம். பெற்றோரை இல்லத்தில் விட்டுத் திரும்பும் மகன் பல திரைப்படங்களிலும் சிறுகதைகளிலும் குற்றவாளியாகவே நிற்கிறான். இந்த இருமைக்குள் அடங்காத ஒருவர் உண்டு. அவர் அறுவைச் சிகிச்சை முடிந்தும் எழுந்து நடக்க இயலாதவர். நினைவிழந்து குழாய்வழி உணவு பெறுபவர். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கப்பட வேண்டியவர். அவருக்குத் தேவை பாசம் மட்டும் அன்று. பயிற்சி பெற்ற கைகளும் அவருக்குத் தேவை. பல முதியோர் இல்லங்கள் தம் வேலையைத் தாமே செய்துகொள்ளக் கூடியவரையே ஏற்கின்றன. எனவே அவர் வீட்டிலும் முழுமையாகப் பேணப்படுவதில்லை, இல்லத்திலும் சேர்க்கப்படுவதில்லை.

இத்தகைய நோயாளியைத் தமிழ்த் திரைப்படம் மையத்திற்குக் கொண்டுவந்தது தலைக்கூத்தல் என்னும் வழக்கத்தின் வழியாகவே. 2010-ஆம் ஆண்டில் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வெளிவந்த செய்திகள் இவ்வழக்கத்தைப் பொதுவெளியின் கவனத்திற்குக் கொண்டுவந்தன. அதன்பின் மூன்று இயக்குநர்கள் இதனைத் தனித்தனியே கையாண்டனர்: பிரியா கிருஷ்ணசுவாமி ‘பாரம்’ படத்திலும், மதுமிதா ‘கே.டி. (எ) கருப்புதுரை’யிலும், ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் ‘தலைக்கூத்தல்’ படத்திலும். ஒரே பொருளை மூன்று வேறுபட்ட வடிவங்களில் அணுகியுள்ளமையால் இவை ஒப்பீட்டிற்கு உரியவை.

தலைக்கு ஊற்றுதல்: ஒரு சொல்லின் இருமுகம்

தலைக்கூத்தல் என்பது ‘தலைக்கு ஊற்றுதல்’ என்னும் வழக்கின் பேச்சுத் திரிபு. எண்ணெய் தேய்த்து நீராட்டுவதும், அதன்பின் இளநீர் முதலியன புகட்டுவதும் இதன் வெளிப்படைச் செயல்கள். இச்சொல் தென்தமிழ்நாட்டில் வேறொரு சூழலிலும் வழங்குகிறது. அம்மை கண்டு இறங்கியவருக்கு வேப்பிலையிட்ட நீரைத் ‘தலைக்கு ஊற்றுவது’ நோய் நீங்கியதன் அறிவிப்பாகும். பிள்ளை பெற்றவளுக்குத் தலைக்கு ஊற்றுவது அவள் மீண்டும் வீட்டு வாழ்விற்குள் வருவதைக் குறிக்கும். ஆகவே இச்சொல் அடிப்படையில் பேணுதலைச் சார்ந்தது. நோயாளியை உடலளவில் தொட்டுச் செய்யும் பணிவிடையின் பெயரே கொலைக்கும் பெயராகியிருக்கிறது.

இது வெறும் சொல்லாய்வுச் செய்தியன்று. எண்ணெய் தேய்த்தல், குளிப்பாட்டுதல், வாயில் சிறிது சிறிதாக நீர் விடுதல் ஆகியவை படுக்கை நோயாளிக்கு நாள்தோறும் செய்யவேண்டிய பணிகள். தலைக்கூத்தல் இவற்றிற்கு அப்பாற்பட்ட கருவி எதனையும் வேண்டுவதில்லை. அதனால்தான் அது வீட்டிற்குள், உறவினர் சூழ, குற்றம் என்ற பெயர் பெறாமலேயே நிகழ முடிகிறது. பேணுவதற்கும் கொல்வதற்கும் ஒரே செயல்கள் பயன்படும்போது, வேறுபாட்டை உறுதிசெய்வது செய்பவரின் நோக்கமும் செய்யப்படுபவரின் விருப்பமுமே. முதலாவது வெளியே தெரியாதது. இரண்டாவது யாராலும் கேட்கப்படாதது.

பழந்தமிழ் மரபில் வடக்கிருத்தல் இங்கு ஒப்புநோக்கத் தக்கது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது அவனது சொந்த முடிவு. பிசிராந்தையார் உடன் இருந்ததும் அவ்வாறே. மரணத்தை ஏற்பவரின் வாய்மொழி அங்கு முதன்மை பெறுகிறது. தலைக்கூத்தலை ‘நம் பழைய வழக்கம்’ என்று காப்போர் சிலர் வடக்கிருத்தலைத் துணைக்கு அழைப்பது இவ்வேறுபாட்டை மறைப்பதாகும்.

களம்: மலையடிவாரமும் காவல் தெய்வமும்

இராஜபாளையத்திற்கு மேற்கே, மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அய்யனார் கோவில் உள்ளது. அங்குள்ள தெய்வத்தின் பெயர் நீர்காத்த அய்யனார். மலையிலிருந்து இறங்கும் ஆற்றை ஒட்டி அமைந்த இக்கோயிலின் பெயரே காவல் என்னும் கருத்தைத் தாங்கி நிற்கிறது. தென்மாவட்டங்களில் அய்யனார் ஊரெல்லையில் குதிரையோடு நிற்பவர். இரவில் வேட்டைக்கும் காவலுக்கும் செல்பவர். கருப்பசாமி அவருடைய பரிவாரத்தில் முன்நிற்கும் காவல்காரர்.

இப்பின்புலத்தில் மூன்று படங்களின் பெயர்களும் தொழில்களும் கவனத்திற்குரியவை. ‘பாரம்’ படத்தின் முதியவர் பெயர் கருப்பசாமி. அவர் இரவுக் காவலாளி. மதுமிதாவின் முதியவர் பெயரிலும் கருப்பு உண்டு. ‘தலைக்கூத்தல்’ படத்தில் தந்தையைப் பேணும் மகன் பழனி இரவுக் காவல் வேலை பார்ப்பவன். காவல் தெய்வத்தின் பெயரைத் தாங்கியவர் பிறர் உடைமையைக் காக்கிறார். அவரைக் காப்பதற்கு ஆள் இல்லை. இயக்குநர்கள் இதனைத் திட்டமிட்டு அமைத்தனரா என்பது முதன்மையான வினா அன்று. காவல் என்ற பண்பாட்டுக் கருத்து, கூலி வேலை என்ற அளவிற்குச் சுருங்கிவிட்டதைப் பெயரும் தொழிலும் இணைந்து காட்டிவிடுகின்றன.

இவ்வட்டாரத்தின் தொழில்நிலையும் கதைகளைப் புரிந்துகொள்ளத் தேவையானது. சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகள், இராஜபாளையத்தின் நூற்பாலைகள் ஆகியவை பெண்களின் உழைப்பைப் பெருமளவு சார்ந்தவை. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யப்படுகிறது. ஊர் ஊராக நோயாளிகளின் புண்ணைக் கட்டப் போகும் துணி இம்மாவட்டத்துத் தறிகளிலிருந்து செல்கிறது. அதே மாவட்டத்தில் படுக்கைப் புண் கண்ட முதியவரின் அருகில் பகல் முழுவதும் இருக்க ஒருவர் வேண்டுமானால், அவர் தறியையோ ஆலையையோ விட்டுவர வேண்டும். ஒரு நாள் கூலி என்பதே பராமரிப்பின் விலை. மரபு பற்றிய விவாதத்தில் இக்கணக்கு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

பாரம்: குணப்படுத்தக் கூடிய உடல்

66-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வுபெற்ற ‘பாரம்’ ஒரு விபத்தோடு திருப்பம் கொள்கிறது. தங்கை வீட்டில் மருமகன்களோடு வாழும் கருப்பசாமிக்கு (ஆர். ராஜு) இடுப்பெலும்பு முறிகிறது. மகன் செந்தில் அவரைச் சொந்த ஊருக்குக் கொண்டு செல்கிறான். சில நாட்களில் அவர் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. மருமகன் வீரா உண்மையைத் தேடத் தொடங்குகிறான்.

இக்கதையின் மருத்துவ உள்ளீடு விமர்சனங்களில் போதிய கவனம் பெறவில்லை. இடுப்பெலும்பு முறிவு முதுமையில் பரவலாக ஏற்படுவது. அறுவைச் சிகிச்சையும் அதன்பின் சில வாரங்கள் முறையான செவிலியப் பராமரிப்பும் இயன்முறைப் பயிற்சியும் கிடைத்தால் பலர் மீண்டும் ஊன்றுகோலுடன் நடக்கிறார்கள். கருப்பசாமி இறக்கும் நிலையில் இருந்தவர் அல்லர். அவரைச் சாவிற்கு உரியவராக ஆக்கியது, சிகிச்சைக்குப் பிந்தைய அந்தச் சில வாரங்களை எங்கே கழிப்பது என்ற வினாவிற்கு விடையில்லாமையும் ஆகும். படத்தின் தலைப்பு சுட்டும் சுமை முதியவரின் உடலில் இல்லை, அவ்வாரங்களில் உள்ளது.

ஆயினும் இந்த வாசிப்பிற்கு எதிரான சான்றினைப் படமே முன்வைக்கிறது. கருப்பசாமியைப் பேணத் தங்கையும் மருமகன்களும் ஆயத்தமாக உள்ளனர். கைகள் இருந்தும் அவர் காப்பாற்றப்படவில்லை. காரணம், தந்தையின் உடல்மீது மகனுக்கு உள்ளதாகக் கருதப்படும் உரிமை. தாய்மாமன்–மருமகன் உறவில் அன்பு உண்டு. முடிவெடுக்கும் தகுதி இல்லை. உறவுமுறை வகுத்த அதிகாரமும் பராமரிப்பு உழைப்பும் வெவ்வேறு கைகளில் இருப்பதை ‘பாரம்’ துல்லியமாகக் காட்டுகிறது. எனவே பராமரிப்பு இடம் இருந்தால் மட்டும் போதும் என்ற எளிய முடிவிற்கு வர இயலாது. யார் தீர்மானிப்பது என்ற வினா எஞ்சுகிறது.

இப்படத்தின் குறைபாடும் இங்கேயே உள்ளது. கருப்பசாமி இறந்தபின் கதை ஆவணப்படத்தின் சாயலோடு விசாரணையாகிறது. ஊராரின் வாக்குமூலங்கள் வழியாக வழக்கத்தின் சமூக இயல்பு வெளிப்படுகிறது. இது அறிதல் நோக்கில் வலிமையானது. ஆனால் நினைவு தெளிந்த ஒரு மனிதர், தம்மைச் சுற்றி நடப்பதை அறிந்தவராகப் படுக்கையில் கழித்த நாட்கள் இதனால் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. அவர் நோயாளியாக வாழ்ந்த காலம், குற்றத்திற்கான சான்றாக மட்டுமே எஞ்சுகிறது.

கே.டி. (எ) கருப்புதுரை: படுக்கையிலிருந்து எழுந்தவர்

மதுமிதாவின் படம் எதிர்த்திசையில் செல்கிறது. மூன்று மாதம் நினைவின்றிக் கிடந்த எண்பது வயது முதியவர் (மு. ராமசாமி) விழித்தெழுகிறார். தமக்குத் தலைக்கூத்தல் செய்யக் குடும்பம் திட்டமிடுவதைக் கேட்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறார். குட்டி என்னும் ஆதரவற்ற சிறுவனோடு (நாகவிஷால்) சேர்ந்து தம் விருப்பங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக நிறைவேற்றுகிறார். நாகவிஷாலுக்கு 67-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த குழந்தை நட்சத்திரத்திற்கான விருது கிடைத்தது.

இப்படம் முதியவருக்கு முழுமையான குரலை வழங்குகிறது. பசி, சுவை, பிடிவாதம், நகைச்சுவை ஆகிய அனைத்தும் அவருக்கு உண்டு. கேட்கப்படாத விருப்பம் என்ற சிக்கலுக்கு, விருப்பப் பட்டியல் என்ற கதை உத்தி நேரடி விடையாகிறது. இரத்த உறவற்ற ஒரு சிறுவனே அவரிடம் ‘உனக்கு என்ன வேண்டும்’ என்ற வினாவை எழுப்புகிறான் என்பது உறவுமுறை அதிகாரத்தின்மீதான கூர்மையான விமர்சனம்.

ஆனால் இக்குரல் ஒரு நிபந்தனையோடு வருகிறது. அவர் எழுந்து நடக்க வேண்டும். நினைவின்றிக் கிடந்த மூன்று மாதங்களில் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தவர் யார், உணவு புகட்டியவர் யார், அப்போது அவருடைய விருப்பம் யாது என்னும் வினாக்கள் கதை தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. நோயாளி நோயாளியாக இல்லாமற்போகும் கணத்தில்தான் மனிதராகிறார். இந்த மகிழ்வுக் கதை, அறியாமலேயே, படுக்கையில் கிடப்பவருக்குக் குரல் இல்லை என்ற குடும்பத்தாரின் கருத்தை ஏற்றுக்கொள்கிறது.

தலைக்கூத்தல்: நினைவின் உள்ளறை

மூன்றாவது படமே பராமரிப்பு உழைப்பை நெருங்கிப் பார்க்கிறது. பழனி (சமுத்திரக்கனி) இரவில் காவல் வேலைக்குச் சென்று, பகலில் நினைவிழந்த தந்தையைப் பேணுகிறான். மனைவி கலை (வசுந்தரா) தீப்பெட்டி ஆலையில் உழைக்கிறாள். சுற்றத்தார் தலைக்கூத்தலை வற்புறுத்துகின்றனர். இதற்கு இணையாக, அசைவற்ற முதியவரின் மனத்தில் ஓடும் இளமைக்கால நினைவுகளை (கதிர்) படம் தனி இழையாக அமைக்கிறது.

பழனி தந்தையைக் குளிப்பாட்டும் காட்சிகளும் படத்தின் தலைப்பும் ஒரே செயலைக் குறிக்கின்றன. முன்னர்ச் சுட்டிய சொல்லின் இருமுகம் இங்குக் காட்சி வடிவம் பெறுகிறது. ஒவ்வொரு நீராட்டும் பார்வையாளருக்கு இரட்டைப் பொருளில் தெரிகிறது. கலையின் பாத்திரப் படைப்பும் குறிப்பிடத்தக்கது. அவளை இரக்கமற்ற மருமகளாகக் காட்டுவது எளிது. அவளுடைய கூலி, குடும்பத்தின் நிலையின்மை, ஆலையிலிருந்து திரும்பியும் முடியாத வேலை ஆகியவற்றைச் சேர்த்தே படம் அவளை நிறுத்துகிறது. மகனின் பாசம் போற்றப்படும் இடத்தில் அப்பாசத்திற்கான செலவை ஏற்பவள் மனைவி.

நினைவு இழையைப் பொறுத்தவரை, புறநானூற்றின் 243-ஆம் பாடல் நினைவிற்கு வருவது இயல்பு. தொடித்தலை விழுத்தண்டினார், கோலூன்றி நடந்து, இருமலுக்கிடையே சில சொல் பேசும் முதுமையில், ஆழ்ந்த மடுவில் பாய்ந்து மணல் அள்ளிவந்த இளமையை எண்ணி இரங்குகிறார். முதுமையின் துயரை இளமையின் நீர்விளையாட்டின் வழியாகச் சொல்லும் இவ்வுத்தி தமிழுக்குப் பழையது. ஆனால் புறநானூற்றில் முதியவரே பேசுகிறார். தம் இன்றைய உடலையும் அவரே விவரிக்கிறார். படத்தின் முத்து நேற்றைப் பற்றி மட்டும் நினைக்கிறார். தம் உடலில் எண்ணெய் படும்போது, பசிக்கும்போது, மகனின் கை படும்போது அவருக்கு என்ன நேர்கிறது என்பதற்குள் படம் நுழைவதில்லை. காதல் நினைவு உண்டு என்பதால் அவர் உயிரோடிருக்கத் தகுந்தவர் என்ற தொனி அதில் புகுந்துவிடுகிறது. அழகிய நினைவு எதுவும் இல்லாத நோயாளிக்கும் அவ்வுரிமை உண்டு.

இல்லாத இடமும் கேட்கப்படாத சொல்லும்

மூன்று கதைகளையும் அடுத்தடுத்து வைத்தால் பொது இன்மை ஒன்று புலப்படுகிறது. கதைப்போக்கைத் தீர்மானிக்கும் இடங்கள் மருத்துவமனை, வீடு, சாலை ஆகியவையே. செவிலியர் எவரும் முதன்மைப் பாத்திரமாவதில்லை. வேறு நாடுகளில் இவ்விடைவெளியை நிரப்ப ஓர் அமைப்பு உள்ளது. அமெரிக்காவின் மெடிக்கேர் காப்பீடு, மூன்று நாள் உள்நோயாளியாக இருந்தவருக்கு, நிபந்தனைகளுக்குட்பட்டு, தேர்ச்சி பெற்ற செவிலியப் பராமரிப்பு நிலையத்தில் 100 நாள் வரையிலான செலவில் பங்கேற்கிறது. கருப்பசாமிக்குத் தேவைப்பட்டவை இத்தகைய நாட்களே.

அத்தகைய நிலையத்தைத் தீர்வாக மட்டும் காண்பதும் பிழையாகும். எர்விங் காஃப்மன் 1961-இல் வெளியிட்ட ‘அசைலம்ஸ்’ நூலில், உறங்குவதும் உண்பதும் ஒரே கூரையின் கீழ், ஒரே நேர ஒழுங்கில், பிறர் ஆணைப்படி நடக்கும் நிறுவனங்கள் தம்முள் வாழ்பவரின் தன்னடையாளத்தைப் படிப்படியாகக் களைவதை விளக்கினார். படுக்கை எண்ணால் அழைக்கப்படும் நோயாளி, விளக்கணைக்கும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க இயலாதவர். வீட்டில் மகன் எடுத்த முடிவை அங்கு அட்டவணை எடுக்கும். இடம் மாறினாலும் ஒப்புதல் பற்றிய வினா மாறுவதில்லை.

மாறாக, நிறுவனத்திற்குள்ளும் உறவு முளைக்கக் கூடும். 1973-இல் தாக்குதலுக்கு உள்ளாகி மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 2015 வரை கிடந்த அருணா ஷான்பாக்கைப் பேணியவர்கள் அம்மருத்துவமனையின் செவிலியரே. 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம், அவர் சார்பில் பேசத் தகுதியுடையவர்கள் அவரை நாள்தோறும் பேணிய அம்மருத்துவமனைப் பணியாளர்களே எனக் கருதியது. ‘பாரம்’ படத்தின் வீராவிற்குக் கிடைக்காத தகுதி இது. 2018 மார்ச் 9 அன்று வழங்கப்பட்ட காமன் காஸ் தீர்ப்பு, கண்ணியமாக இறக்கும் உரிமையையும், ஒருவர் தம் விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைப்பதையும் ஏற்றது. தலைக்கூத்தல் இத்தீர்ப்பின் நிழலில் ஒதுங்க முடியாது. தீர்ப்பின் மையம் நோயாளியின் சொல். தலைக்கூத்தலின் மையம் அச்சொல் இன்றியே முடித்துவிடுவது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் (2007) மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர் தங்கக்கூடிய முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேசுகிறது; பெற்றோரைக் கைவிடுதலைத் தண்டனைக்குரியதாக்குகிறது. அச்சட்டத்தின் நோக்கில் பராமரிப்பு என்பது முதன்மையாகப் பணமும் கூரையும் ஆகும். பகலெல்லாம் அருகிருக்கும் கைகள் அதில் பின்தள்ளப்படுகின்றன. அய்யனார் கோவிலுக்குப் பின்னே எழும் மலைத்தொடரின் மறுபுறத்தில், கேரளம் 2008-இல் வலி மற்றும் நோய்த்தணிப்புப் பராமரிப்பிற்கெனக் கொள்கை வகுத்து, உள்ளாட்சி அமைப்புகளின் வழியே செவிலியரை வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை, நோய்த்தணிப்புப் பராமரிப்பு ஆகியவற்றை உள்ளடக்கியது. வெளியிலிருந்து வரும் ஒரு செவிலியர் நோயாளிக்கு மருந்து தருவதோடு நிற்பதில்லை. வீட்டிற்குள் ஒரு சாட்சியாகவும் அமைகிறார். தலைக்கு ஊற்றுவது எதற்காக என்று கேட்கக்கூடிய ஒருவர் வாயிலில் வந்து நிற்கிறார் என்பதே, மூடிய வீட்டிற்குள் நிகழும் வழக்கத்திற்கு முதல் தடை.

முடிவுரை

மூன்று படங்களும் தலைக்கூத்தலைக் கண்டிக்கின்றன; அதில் அவை வெற்றி பெறுகின்றன. ‘பாரம்’ நோயாளியின் மரணத்தை விசாரிக்கிறது, ‘கே.டி. (எ) கருப்புதுரை’ அவரை நோயிலிருந்து விடுவிக்கிறது. ‘தலைக்கூத்தல்’ அவருடைய கடந்த காலத்திற்குள் செல்கிறது. படுக்கையில் கழியும் ஒரு முழுப் பகல், நோயாளியின் நோக்கிலிருந்து, மூன்றிலும் சொல்லப்படாமல் எஞ்சுகிறது. வழக்கத்தைக் கொடுமை என்று கண்டிப்பதோடு நிற்கும் விமர்சனம், கூலியையும் கைகளையும் கணக்கில் கொள்ளாது. வறுமையைக் காரணம் காட்டுவதோடு நிற்கும் விமர்சனம், கேட்கப்படாத ஒப்புதலை மறந்துவிடும். இவ்விரண்டையும் இணைத்துக் காணும்போது, பேணும் உழைப்பும் முடிவெடுக்கும் உரிமையும் பிரிந்து கிடப்பதே இக்கதைகளின் அடிப்படைச் சிக்கல் எனத் தெளிவாகிறது. முதுமை குறித்த தமிழ்ப் புனைவுகளை வீடு–இல்லம் என்ற இருமைக்கு வெளியே வைத்து வாசிப்பதற்கும், செவிலியரையும் படுக்கை நோயாளியையும் பேசும் பாத்திரங்களாகக் கொண்ட படைப்புகளைத் தேடித் தொகுப்பதற்கும் இனிவரும் ஆய்வுகளில் இடமுண்டு.